கிரேடிங் பெட்டியில் வந்த தங்கக் காசு எங்கோ இடிக்கிறதா? அறிகுறியை வைத்துப் போலியைப் பிடிக்கும் வழி

மங்கலான ஒரு போட்டோ, கூடவே "இது ஒரிஜினல்தானே?" என்று ஒரே வரி. தங்கக் காசு சேர்க்கிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து என் போனுக்கு இப்படி வந்துகொண்டே இருக்கிறது. அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பணத்தைக் கட்டி முடித்த பிறகுதான் கேட்பார்கள், அது வேறு விஷயம். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கிரேடிங் பெட்டி என்றால், காசு ஒரிஜினல்தானா என்று பார்த்து 70-க்கு இத்தனை என்று தர மதிப்பு (கிரேடு) போடும் கம்பெனி, அந்தக் காசை வைத்து மூடும் பிளாஸ்டிக் பெட்டி. அதன் லேபிளில் இருக்கும் சான்றிதழ் எண்ணைக் கம்பெனியின் வலைத்தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன எடை மெஷின், அதைச் சரிபார்க்க ஒரு படிக்கல், விட்டமும் தடிமனும் அளக்கப் பிளாஸ்டிக் வாய் உள்ள வெர்னியர் (இரும்பு வாய் காசைக் கீறும்), 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நல்ல வெளிச்சம். நியோடிமியம் காந்தம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை ரொம்ப நம்ப வேண்டாம், காரணம் பின்னால் வரும்.

இன்னொன்று. கீழே எங்கேயும் பெட்டியை உடைக்கச் சொல்லவில்லை. உடைத்த நிமிஷமே கிரேடிங் கம்பெனியின் உத்தரவாதம் போய்விடும், விற்றவரும் திருப்பி எடுக்க மாட்டார். சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் பெட்டி பெட்டியாகவே இருக்கட்டும்.

## சான்றிதழ் எண்ணைப் போட்டால் "இல்லை" என்று வருகிறது

பதற வேண்டாம், முதலில் உங்கள் கண்ணைச் சந்தேகப்படுங்கள். லேபிளில் 8-ம் 3-ம், 6-ம் 0-வும் பொடி எழுத்தில் ஒன்று போலத் தெரியும். போட்டோ எடுத்து பெரிதாக்கி, இலக்கம் இலக்கமாகப் படித்து மறுபடி போடுங்கள்.

அடுத்த தப்பு, லேபிளில் உள்ள எந்த எண் என்று தெரியாமல் போடுவது. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டும்தான் பெரிய அமெரிக்கக் கிரேடிங் கம்பெனிகள். பி.சி.ஜி.எஸ். லேபிளில் காசின் வகை எண், புள்ளி, கிரேடு, சாய்கோடு, அதற்கப்புறம்தான் சான்றிதழ் எண் என்று ஒரே வரியில் இருக்கும். பலர் முழு வரியையும் அடித்துவிட்டு "வரவில்லையே" என்கிறார்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் போடுங்கள். என்.ஜி.சி.யில் இடையில் ஒரு சிறுகோடு, அதற்குப் பின் மூன்று இலக்கம். அதையும் சேர்த்துப் போட வேண்டும், கிரேடையும் கேட்கும். ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் தளத்தில் தேடியவர்களும் உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? பெட்டியின் படத்தோடு கம்பெனிக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் கட்ட வேண்டாம். விற்பவர் "இப்போதுதான் கிரேடு ஆகி வந்தது, இன்னும் ஏறவில்லை" என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம், அப்படியானால் இரண்டு நாள் காத்திருக்க அவருக்கும் சிரமம் இருக்கக் கூடாது. அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள்.

லேபிளில் இருப்பது கேள்விப்படாத கிரேடிங் கம்பெனியின் பெயர், அதன் தளத்தில் எண் சரியாக வருகிறது என்றால்? அதைப் பெட்டியில்லாத காசாகவே நினைத்துக்கொண்டு, எடைப் பகுதிக்குப் போங்கள். சொந்தமாக பிரின்டரும் வலைத்தளமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் 70 கொடுக்கலாம்.

## எண் சரியாக வருகிறது, ஆனால் காசு வேறு மாதிரி இருக்கிறது

இதுதான் முக்கியமான இடம், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். எண் சரியாக வந்துவிட்டால் காசும் ஒரிஜினல் என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். போலி செய்கிறவன் எண்ணைக் கற்பனை செய்வதில்லை. ஏலத்தில் வந்த ஒரிஜினல் பெட்டியின் படத்தைப் பார்த்து அந்த எண்ணையே லேபிளில் அச்சடித்துவிடுகிறான். அதனால் தளம் "ஆமாம், இப்படி ஒரு காசு இருக்கிறது" என்று உண்மையைத்தான் சொல்கிறது. அது உங்கள் கையில் இருக்கும் காசைப் பற்றிச் சொல்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நண்பர் அமெரிக்கன் ஈகிள் ஒரு அவுன்ஸ் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். எண் சரி, ஆண்டு சரி, கிரேடு சரி. தளத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சுதந்திர தேவி கையில் பிடித்திருக்கும் தீப்பந்தத்துக்குச் சற்று வலப்பக்கம், வெற்றிடத்தில், கண் இமை முடி மாதிரி ஒரு மெல்லிய கீறல். கையில் இருந்த காசை விளக்குக்கு அடியில் எத்தனை கோணத்தில் சாய்த்தாலும் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. புதுக் கீறல் வரலாம், இருந்த கீறல் மறையாது. நண்பர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் "போட்டோ எடுக்கும்போது லென்ஸில் தூசி இருந்திருக்குமோ?" என்றார். மனசு அப்படித்தான் சமாதானம் தேடும்.

எதை ஒப்பிடுவது:

முதலில் கீறல், இடிபாடு, புள்ளி. எம்.எஸ். (மின்ட் ஸ்டேட், அதாவது புழக்கத்துக்கு வராத காசு) 69, 70 என்று வரும் புதுக் காசுகளில் அடையாளம் குறைவாக இருக்கும், அதனால் செம்புப் புள்ளி கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கைரேகை மாதிரி. 70 கிரேடில் ஒன்றுமே தெரியாவிட்டால் ஒப்பிட்டு முடிவு சொல்ல முடியாது, கீழே எடைப் பகுதிக்குப் போக வேண்டியதுதான்.

பிறகு லேபிள். படத்தில் இருக்கும் லேபிளின் வடிவம், நிறம், எழுத்துகள் எந்த இடத்தில் தொடங்குகின்றன, பார்கோடு எங்கே இருக்கிறது. பழைய பெட்டியை மாற்றிப் புதுப் பெட்டி வாங்கியிருந்தால் இது மாறலாம், காசு மாறாது. ஆகவே லேபிள் மட்டும் மாறியிருந்தால் கேள்வி கேளுங்கள், காசு மாறியிருந்தால் பேச்சையே நிறுத்துங்கள்.

கடைசியாக, அதே எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரே எண்ணோடு இரண்டு பேர் விற்பனைக்கு வைத்திருந்தால் ஒன்று கண்டிப்பாகப் போலி, சில நேரம் இரண்டுமே.

தளத்தில் படமே இல்லையென்றால் இந்த வழி அடைபட்டுவிடும். எல்லாக் காசையும் படம் எடுத்து வைப்பதில்லை. படம் இல்லாத எண்ணாகப் பார்த்துத்தான் போலிக்காரனும் பொறுக்குவான் என்பது என் சந்தேகம். அதனால் விலை உயர்ந்த காசு என்றால் படம் உள்ள எண்ணாகத் தேடி வாங்குங்கள், அதற்காகக் கொஞ்ச நாள் காத்திருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

## கியூ.ஆர். ஸ்கேன் செய்தால் எல்லாம் பச்சை, அல்லது போனை வைத்தால் ஒன்றுமே வரவில்லை

இரண்டும் எதிரெதிர் அறிகுறி, இரண்டிலும் ஏமாறலாம்.

கியூ.ஆர். என்பது வெறும் முகவரி. போலி லேபிளில் போலித் தளத்தின் முகவரியை அச்சடிக்க எந்தத் தடையும் இல்லை. தளம் அச்சு அசலாக அதே நிறத்தில், அதே சின்னத்தோடு திறக்கும். அதனால் ஸ்கேன் செய்வதை விட்டுவிட்டு, கம்பெனியின் முகவரியை நீங்களே விரலால் அடித்து உள்ளே போய் எண்ணைப் போடுங்கள். அரை நிமிஷ வேலை.

பி.சி.ஜி.எஸ்.ஸின் புதிய பெட்டிகள் சிலவற்றில் சின்ன என்.எஃப்.சி. சிப் உண்டு, போனை அருகில் கொண்டுபோனால் விவரம் வரும். வரவில்லையென்றால் போனில் என்.எஃப்.சி. ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள், தடிமனான கவரைக் கழற்றுங்கள், போனின் வேறு பகுதியை வைத்துப் பாருங்கள். பிறகும் இல்லையா? அந்தப் பெட்டி சிப் வருவதற்கு முந்தைய தலைமுறையாக இருக்கலாம், அதில் தப்பில்லை. லேபிளிலேயே சிப் இருப்பதாக அடையாளம் போட்டிருந்தும் வரவில்லை என்றால்தான் கவலை.

## பெட்டியே ஒரு மாதிரி இருக்கிறது

கீறலும் மங்கலும் பயன்பட்டதால் வருவது, ஒரு பொருட்டே இல்லை. பெட்டி பழைய மாடலாக இருக்கலாம்; இரண்டு பெரிய கம்பெனிகளும் 1980-களின் பிற்பாதியிலிருந்து பெட்டி செய்கின்றன, வடிவம் பல தடவை மாறியிருக்கிறது. அவர்கள் தளங்களிலேயே பழைய பெட்டிகளின் படங்கள் உண்டு, அதோடு ஒப்பிடுங்கள்.

காசு உள்ளே ஆடுகிறதா? லேசாகச் சுழல்வது தபாலில் குலுங்கியதால் ஆகலாம். ஆனால் காசுக்கும் அதைப் பிடித்திருக்கும் வளையத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி விழுந்தால், காசின் விட்டம் தப்பு அல்லது வளையம் வேறு காசுக்கானது. இரண்டுமே நல்ல செய்தி இல்லை.

அப்புறம் பெட்டியின் ஓரங்களை லென்ஸில் பாருங்கள். இரண்டு பாதியும் சேருமிடம் நான்கு பக்கமும் ஒரே சீராக ஒட்டியிருக்க வேண்டும். பசை வழிந்த தடம், ஒரு மூலையில் மட்டும் வெண்மை, நெம்பிய மாதிரி சின்னப் பள்ளம், இதெல்லாம் திறந்து மூடிய அடையாளம். ஒரிஜினல் பெட்டியில் ஒரிஜினல் காசை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதும் நடக்கிறது, லேபிளை மட்டும் பார்த்தால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

லேபிளில் எழுத்துப்பிழை, எழுத்துகளின் ஓரம் மங்கல், ஹோலோகிராம் எந்தக் கோணத்திலும் நிறம் மாறாத வெள்ளித்தாள் மாதிரி இருப்பது என்றால் மேலே ஆராய வேண்டியதில்லை, திருப்பி அனுப்புங்கள்.

## லேபிள் சொல்வதும் காசு காட்டுவதும் பொருந்தவில்லை

இதற்குக் கருவியே வேண்டாம். ஆண்டைப் பாருங்கள், அந்த ஆண்டில் அந்தக் காசு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். போலிக்காரர்கள் ஒரே அச்சை வைத்துக்கொண்டு ஆண்டை மட்டும் மாற்றி அடிப்பதால் இங்கே அடிக்கடி மாட்டுகிறார்கள்.

கனடாவின் மேப்பிள் லீஃப் 1979-ல் வந்தபோது 999 சுத்தம்தான் (ஆயிரத்தில் 999 பங்கு தங்கம்), 9999 (பத்தாயிரத்தில் 9999 பங்கு) ஆனது 1982-ல். 1980 என்று போட்டு 9999 என்றும் போட்டிருந்தால் கதை முடிந்தது. 2013-லிருந்து அதன் ஒரு அவுன்ஸ் தங்கக் காசில் பெரிய இலைக்குக் கீழே பொடியாக இன்னொரு இலை லேசரில் செதுக்கியிருக்கும். லென்ஸ் வைத்தால் அதற்குள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் தெரியும். 2015-லிருந்து பின்புலம் முழுக்க மெல்லிய கதிர்க்கோடுகள். போலிகளில் அந்தப் பொடி இலை கரும்புள்ளி மாதிரியோ கோதுமைத் தவிடு ஒட்டிய மாதிரியோ இருக்கும், இலக்கத்தைப் படிக்க முடியாது.

சீனப் பாண்டா 2016-லிருந்து அவுன்ஸை விட்டு கிராமுக்கு மாறிவிட்டது, பெரிய காசு 30 கிராம். அதற்குப் பிந்தைய ஆண்டு போட்டு ஒரு அவுன்ஸ் என்று எழுதியிருந்தால் வேண்டாம். பிரிட்டனின் பிரிட்டானியா 2012 வரை 22 காரட், 2013-லிருந்து 9999. 2021-லிருந்து அதில் ஒரு சின்னப் படம் உண்டு, காசைச் சாய்த்தால் திரிசூலம் பூட்டாக மாறும், மாறாவிட்டால் சந்தேகம். அமெரிக்கன் ஈகிள் 2021-ன் நடுவில் வடிவம் மாறியது, புது வடிவத்தில் விளிம்பு வரிகளில் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு மாறுதல் வைத்திருக்கிறார்கள். பெட்டி விளிம்பை மறைத்தால் இதைப் பார்க்க முடியாது, பரவாயில்லை.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட் தங்கக் காசில் முகமதிப்பு (காசின் மேல் எழுதிய பண மதிப்பு) என்று ஒன்றே கிடையாது. இன்னொரு சுலபச் சோதனை, காசைத் திருப்புவது. அமெரிக்காவின் ஈகிளையும் பஃபலோவையும் மேலிருந்து கீழாகத் திருப்பினால்தான் பின்பக்கம் நேராக வரும். மேப்பிளைப் புத்தகப் பக்கம் மாதிரி பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மாறி இருந்தால் அச்சு தப்பாகப் பொருத்தியிருக்கிறார்கள்.

## எடை குறைகிறது, அல்லது கூடுகிறது

மெஷின்தான் முதல் குற்றவாளி. படிக்கல் வைத்துப் பாருங்கள், பேட்டரி மாற்றுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், சமமான இடத்தில் வையுங்கள். அதற்கப்புறம் எடை.

ஈகிளும் க்ரூகராண்டும் 33.93 கிராம். "ஒரு அவுன்ஸ் என்றால் 31.1 தானே, ஏன் அதிகம் காட்டுகிறது?" என்று கேட்டு நல்ல காசைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. இவை 22 காரட். ஒரு அவுன்ஸ் தங்கம் முழுசாக உள்ளே இருக்கிறது, செம்பு (ஈகிளில் கொஞ்சம் வெள்ளியும்) அதற்கு மேல். பஃபலோ, மேப்பிள், ஆஸ்திரியாவின் ஃபில்ஹார்மோனிக், இன்றைய பிரிட்டானியா எல்லாம் 31.1 கிராம். பிரிட்டனின் சாவரின் 7.99 கிராம், 22 காரட்.

எனக்கு நான் வைத்திருக்கும் கோடு 0.05 கிராம். ஒரு அவுன்ஸ் காசு அதற்கு மேல் குறைந்தால் ஏன் என்று கேட்பேன். கைமாறித் தேய்ந்த பழைய க்ரூகராண்ட் கொஞ்சம் குறையலாம், ஆனால் எம்.எஸ். 69 என்று லேபிள் போட்ட காசு தேய்ந்திருக்க வழியில்லை.

பெட்டிக்குள் இருக்கும் காசை எப்படி எடை போடுவது? அதே கம்பெனி, அதே தலைமுறைப் பெட்டி, அதே காசு இன்னொன்று நண்பரிடம் இருந்தால் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் சின்ன வித்தியாசம் வரும், அதனால் நுணுக்கமாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பித்தளையில் முலாம் பூசியது சட்டென்று மாட்டிவிடும்: க்ரூகராண்ட் அளவிலேயே பித்தளையில் செய்தால் 16, 17 கிராம்தான் வரும், பாதி எடை. அதற்கு மெஷின்கூட வேண்டாம், கையில் வாங்கினாலே தெரியும்.

## எடை சரியாக இருக்கிறது, அளவு தப்பு

பெட்டியில்லாத காசுக்குத்தான் இது. தங்கத்தைவிட லேசான உலோகத்தில் எடையைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் தடிமனையோ விட்டத்தையோ கூட்டியாக வேண்டும். எடையைக் காப்பாற்றினால் அளவு காட்டிக்கொடுக்கும், அளவைக் காப்பாற்றினால் எடை காட்டிக்கொடுக்கும்.

ஈகிள் 32.7 மி.மீ. விட்டம், 2.87 மி.மீ. தடிமன். க்ரூகராண்ட் 32.77, 2.84. மேப்பிள் 30, 2.87. ஃபில்ஹார்மோனிக் 37, 2. சாவரின் 22.05, 1.52. ஒரே எடைதான் என்றாலும் ஃபில்ஹார்மோனிக் அகலமாக, மெல்லியதாக இருக்கும், மேப்பிள் குட்டையாகத் தடித்திருக்கும். அதனால் ஒன்றின் அளவை வைத்து இன்னொன்றைத் தப்புச் சொல்லாதீர்கள். தடிமனை விளிம்பில் மூன்று நான்கு இடத்தில் எடுங்கள். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் அது அச்சில் அடித்த காசு இல்லை, வார்த்தது. வார்த்த காசில் பொடிக் குமிழித் தடமும் விளிம்பில் தையல் போட்ட மாதிரி கோடும் கிடைக்கும்.

## எடை, அளவு எல்லாம் சரி, மனசுதான் ஒப்பவில்லை

இங்கேதான் டங்ஸ்டன் வருகிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டன் 19.25. நடுவில் டங்ஸ்டனை வைத்து மேலே கனமாகத் தங்கம் பூசினால் எடையும் அளவும் ஒத்துப்போகும். வீட்டில் தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்க்கும் சோதனை உண்டு: மெஷின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முக்கினால் காட்டுகிற எண்தான் காசின் கன அளவு (கன செ.மீ.-ல்), காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. மேப்பிளுக்கு ஏறக்குறைய 1.61 வர வேண்டும். பித்தளை, ஈயம், வெள்ளி எதுவானாலும் இதில் தப்பாது. ஆனால் மெஷினில் 0.01 ஏறி இறங்கினாலே அடர்த்தி 0.1-க்கு மேல் மாறுகிறது, தங்கத்துக்கும் டங்ஸ்டனுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடக் குறைவு. ஆகவே மேப்பிள் போன்ற 24 காரட் காசுக்கு இந்தச் சோதனை டங்ஸ்டனைப் பிடிக்காது. தண்ணீர்ச் சோதனை செய்து காட்டி "பாருங்கள் சுத்தத் தங்கம்" என்று விற்கிறவரின் வீடியோவைப் பார்த்து மயங்க வேண்டாம்.

22 காரட் காசில் கதை வேறு. அந்தக் கலவையின் அடர்த்தி 17.5-க்கும் 17.8-க்கும் நடுவில்தான். அங்கே டங்ஸ்டனை வைத்தால் அது அளவுக்கு மீறிக் கனமாகிவிடும், எடையைச் சரிக்கட்ட காசைப் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மெலிய வைக்க வேண்டும். 2.84 மி.மீ. இருக்க வேண்டிய க்ரூகராண்ட் 2.6 ஆகிவிடும், வெர்னியரே பிடித்துவிடும். டங்ஸ்டனோடு லேசான உலோகத்தையும் அளந்து சேர்த்துச் சராசரியை 17.6-க்குக் கொண்டுவரலாம்தான், ஆனால் அது கூடுதல் வேலை. வீட்டுச் சோதனையை மட்டும் நம்பி வாங்குகிறவர்களுக்கு நான் 22 காரட் காசைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் இதுதான். சுத்தம் குறைவு என்று பலர் ஒதுக்குகிறார்கள், சோதிக்க அதுதான் சுலபம்.

காந்தம்? தங்கமும் ஒட்டாது, டங்ஸ்டனும் ஒட்டுகிற அளவுக்கு இழுபடாது, செம்பும் பித்தளையும் ஒட்டாது. ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் ஒன்றுமே தெரியவில்லை என்று அர்த்தம்.

உரைகல்லில் உரசுவதும் ஆசிட் விடுவதும் மேல்பூச்சைத்தான் சொல்லும். கூடவே கிரேடு பெற்ற காசைக் கெடுத்துவிடும், அந்த வேலையே வேண்டாம். எக்ஸ்.ஆர்.எஃப். (எக்ஸ்ரே விட்டு உலோகம் எதுவென்று சொல்லும்) மெஷினும் மேலே சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கும், கனமான பூச்சு அதை ஏமாற்றும். இங்கே உதவுவது மின்தடையை அளக்கும் கருவி, வியாபாரிகள் வைத்திருக்கும் சிக்மா மெட்டாலிட்டிக்ஸ் மாதிரியானது. அது உள்ளே வரை பார்க்கும், டங்ஸ்டனின் மின்தடை தங்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் தெளிவாகப் பிரியும், முக்கியமாகப் பெட்டியைத் திறக்காமலே பார்க்கலாம். கருவியில் சரியான உலோகத்தைத் தேர்ந்தெடுத்தார்களா என்று கூடவே நின்று பாருங்கள். ஈகிளை 24 காரட் என்று வைத்து அளந்தால் நல்ல காசும் தப்பாகத்தான் காட்டும்.

## சத்தம் செத்துப்போயிருக்கிறது

பெட்டிக்குள் இருந்தால் இந்தச் சோதனை கிடையாது. வெளியில் இருந்தால் விரல் நுனியில் சமநிலையாக நிறுத்தி மெதுவாகத் தட்டுங்கள். விரல் நடுவில் இல்லாவிட்டாலோ கவரோடு தட்டினாலோ நல்ல காசும் சத்தமில்லாமல் போகும். 22 காரட் காசு நீளமாக ரீங்கரிக்கும், 9999 மென்மையானது என்பதால் சீக்கிரம் அடங்கும். ஒன்றை வைத்து இன்னொன்றை அளக்காதீர்கள். அதே காசு ஒரிஜினல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான் பயன். பளபள என்று ப்ரூஃப் காசாக (சேகரிப்பாளர்களுக்கென்று மெருகேற்றி அடித்தது) இருந்தால் தட்டவே தட்டாதீர்கள்.

## சிவப்புப் புள்ளி, நிறம் மாற்றம்

இதற்காக எனக்கு வரும் போட்டோக்கள்தான் அதிகம், இதில் போலி கிடைப்பதுதான் குறைவு. தங்கத்தில் சரியாகக் கலக்காத செம்புத் துணுக்கு காற்றுப் பட்டுச் சிவந்துவிடும், நல்ல காசிலும் வரும். க்ரூகராண்ட் முழுக்கவே செம்புச் சாயலில் இருக்கும், ஈகிள் வெள்ளி சேர்வதால் கொஞ்சம் மஞ்சள், மேப்பிள் அடர் மஞ்சள். கவலைப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்கு: உயர்ந்த இடங்களில், மூக்கு, முட்டி, விளிம்பு போன்ற இடங்களில், தங்கம் உரிந்து அடியில் வேறு நிறம் தெரிந்தால் அது முலாம். துடைக்கவும் கழுவவும் வேண்டாம்.

## இன்னும் வாங்கவில்லை, விலைதான் உறுத்துகிறது

அன்றைய தங்க மதிப்பைவிடக் குறைத்துக் கொடுத்தால் ஒரே ஒரு கேள்வி போதும்: உருக்கி விற்றாலே அதைவிட அதிகம் கிடைக்குமே, இவர் ஏன் எனக்கு விற்கிறார்? "அவசரத் தேவை", "தாத்தா வைத்துவிட்டுப் போனது" என்று பதில் வரும். தாத்தா காலத்தில் இந்தப் பெட்டியே கிடையாது என்பதை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

சந்தேகம் லேசாக இருந்தால் இன்றைய தேதியைத் தாளில் எழுதி, அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் கேளுங்கள். அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள். அனுப்பினால் தளத்துப் படத்தோடு மேலே சொன்னபடி ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்பும் வசதி எழுத்தில் இருக்கட்டும், பணத்தைத் திரும்பக் கேட்க முடிகிற வழியில் கட்டுங்கள், பார்சலைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக, வெட்டாமல் எடுங்கள்.

## காசு ஒரிஜினல், விற்கப் போனால் 70-க்கான பணம் தரமாட்டேன் என்கிறார்கள்

இது கோளாறு இல்லை, வாங்கியபோதே நடந்த தப்பு. லட்சக்கணக்கில் அடிக்கும் முதலீட்டுக் காசுகளில் 69-ம் 70-ம் அபூர்வமே இல்லை. "ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்", "எர்லி ரிலீசஸ்" என்று லேபிளில் இருப்பது, முதல் சில வாரங்களுக்குள் வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்லும், காசின் தரத்தை இல்லை. தங்கம்தான் நோக்கம் என்றால் பெட்டியில்லாத காசை நம்பகமான இடத்தில் வாங்குவதுதான் லாபம் என்பேன். இப்போது கையில் இருப்பதை என்ன செய்வது? உலோக விலைக்கு வாங்குகிறவரிடம் போகாமல் சேகரிப்பாளர்கள் வாங்கும் ஏலங்களில் அதே கிரேடு காசு உண்மையில் எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள், கேட்கிற விலையை இல்லை, விற்று முடிந்த விலையை.

## எங்கே நிறுத்தி, யாரிடம் போவது

எடை அல்லது அளவு தப்பு, தளத்துப் படத்தோடு காசு ஒத்துப்போகவில்லை, இரண்டில் ஒன்று உறுதியானாலே வீட்டுச் சோதனையை நிறுத்திவிட்டு விற்றவருக்கு எழுதுங்கள். மேற்கொண்டு நீங்கள் செய்கிற ஒவ்வொன்றும் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்ல அவருக்கு இடம் கொடுக்கும்.

எல்லாம் சரி, டங்ஸ்டன் பயம் மட்டும்தான் என்றால் மின்தடைக் கருவி வைத்திருக்கும் நாணய வியாபாரியிடம் போங்கள், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். அவரும் தலையைச் சொறிந்தால் கடைசி வழி, பெட்டியில் யார் பெயர் இருக்கிறதோ அந்தக் கிரேடிங் கம்பெனிக்கே அனுப்புவது. கட்டணம், போக வரத் தபால், இன்சூரன்ஸ் என்று செலவு கூடும், மாதக்கணக்கில் இழுக்கவும் செய்யலாம். சின்னக் காசுக்குக் கட்டுப்படியாகாது, அதற்குப் பதில் விற்றவரிடமே திருப்பிவிடுவது நல்லது.

போலி என்று தெரிந்துவிட்டால் அதை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். பெட்டி, பார்சல் உறை, ரசீது, பேசிய செய்திகள் எல்லாவற்றையும் அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டு பணம் கட்டிய நிறுவனத்திடம் முதலில் புகார் கொடுங்கள், அவர்கள் கொடுக்கும் கெடு குறைவாக இருக்கும். எண்ணை எந்தக் கிரேடிங் கம்பெனி கொடுத்ததோ அவர்களுக்கும் படம் அனுப்புங்கள்.

அந்த ஈகிள் நண்பர் பார்சல் பிரித்த வீடியோ வைத்திருந்தார், கெடு முடிய நான்கு நாள் இருந்தது. பணம் வந்துவிட்டது. விற்றவர் காசைத் திருப்பிக் கேட்கவே இல்லை.